பெயரில்லாத மாத்திரை!

பகல் ஷிப்டு முடிந்து ஆலைச் சங்கு ஊதுகிறது. வெளியே வருகிற தோழர் ஒருவரின் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். பீடிக்கட்டு இருக்கும். தீப்பெட்டி இருக்கும். அவற்றோடு ஒரு சின்னக் காகிதப் பொட்டலமும் இருக்கும். பொட்டலத்துக்குள் வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பாதியாக உடைத்த சிவப்பில் ஒன்று.

"என்ன தோழரே இது?"

"உடம்பு வலி மாத்திரைங்க."

"பெயர் என்ன?"

"யாருக்குத் தெரியும்? கடைக்காரர் ரெண்டு வேளைக்கு செட்டுப் போட்டுக் கொடுத்தார்."

ரிங் பிரேமில் எந்த நம்பர் நூல் ஓடுகிறது என்று இந்தத் தோழரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வயலில் வேலை செய்யும் தோழரைக் கேளுங்கள். நெல் ரகத்தின் பெயர் சொல்வார், உரத்தின் பெயர் சொல்வார், பூச்சிக்கு அடித்த மருந்தின் பெயரையும் அளவையும் சொல்வார். பயிருக்கு அடிக்கிற மருந்துக்குப் பெயர் உண்டு. பாட்டாளியின் வயிற்றுக்குள் போகிற மருந்துக்குப் பெயர் இல்லை!

கதை இதோடு முடிந்தால் பரவாயில்லை. பொட்டலத்தில் பாதி காலையில் இறங்கியாயிற்று. மீதிப் பாதி சாயங்காலம் சர்க்கார் கடைக் குவாட்டரோடு இறங்குகிறது. 'சரக்கோடு போட்டால் சீக்கிரம் பிடிக்கும்' என்று ஒரு வைத்திய சாஸ்திரம் நம்மிடையே நடமாடுகிறது. 'முன்னாலேயே ஒன்று போட்டுக்கொள், காலையில் தலை வலிக்காது' என்பது இன்னொரு சாஸ்திரம். இந்தச் சாஸ்திரங்களை யார் எழுதினார்களோ தெரியாது. அவற்றை நம்பியவர்களின் ஈரலும் குடலும்தான் விலை கொடுக்கின்றன.

பழி யார் மேல்?

ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தால் முதல் வசவு தயாராக இருக்கிறது: "குடிகாரப் பயல்! குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டான்."

நாம் குடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. கூலியைக் கொண்டுபோய்க் கடையில் கொட்டிவிட்டு வீட்டில் உலை வைக்க வழியில்லாமல் செய்கிற தோழரை அவருடைய மனைவி கேட்கிற கேள்விக்கு நம்மிடம் பதில் கிடையாது. ஆனால் கனவான்களே, ஒன்று கேட்கிறோம். 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் சில்லறைச் சாராய வியாபாரம் யார் கையில் இருக்கிறது? டாஸ்மாக் என்ற பெயரில் சர்க்காரே நடத்துகிறது. குடி கேடு என்று புட்டியில் அச்சடித்துவிட்டு அதே புட்டியை விற்கிறது. அந்தப் புட்டியும் இந்த மாத்திரையும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தொழிலாளிக்கு எவர் சொன்னார்? மாத்திரை அட்டையில் எழுதியிருக்கிறதாம்! இங்கிலீஷில், கடுகைவிடச் சின்ன எழுத்தில், வெள்ளித் தகட்டின் மேல். அந்த அட்டையையும் கடைக்காரர் கத்தரித்துப் பொட்டலம் கட்டிவிட்டால் அந்தக் கடுகும் இல்லை.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். அன்டோனியோ பெனெடி என்பவர் மூத்த புஷ் ஜனாதிபதியாக இருந்தபோது அவருடைய உத்தியோகஸ்தராக இருந்தவர். தினமும் சாப்பாட்டோடு ஒயின் குடிக்கிற பழக்கம் உள்ளவர். 1993இல் சளிக்காய்ச்சல் வந்தது. கடையில் விற்கிற பாரசிட்டமால் மாத்திரையைச் சில நாள் போட்டார். ஈரல் செத்துப்போயிற்று. மாற்று ஈரல் வைத்துத்தான் உயிர் பிழைத்தார். 'குடிக்கிறவர்களுக்கு ஆபத்து என்று ஏன் எழுதவில்லை?' என்று கம்பெனி மேல் வழக்குப் போட்டார். 1994இல் ஜூரிகள் 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னார்கள். 1998இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது: தினமும் மூன்று கிளாஸ் அல்லது அதற்கு மேல் குடிக்கிறவர்கள் வலி மாத்திரை போடுமுன் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு டப்பாவிலும் அச்சடிக்க வேண்டும்! பாரசிட்டமாலில் ஈரல் ஆபத்து, ஆஸ்பிரின், இபுபுரோபன் வகைகளில் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து என்று பிரித்தே எழுதச் சொன்னது.

அவர்கள் சொல்லும் ஒரு கிளாஸ் என்பது 14 கிராம் சாராயச் சத்து. நம்மூர் குவாட்டர் 180 மில்லி. நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம். அதாவது அவர்கள் கணக்கில் நாலு கிளாஸுக்கு மேல்! தினம் ஒரு குவாட்டர் போடுகிற தோழர் 'நான் அளவோடு குடிக்கிறவன்' என்று சொல்லிக்கொள்கிறார். அந்த எச்சரிக்கையின் எல்லையைத் தாண்டி நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

ஈரலுக்குள் நடப்பது என்ன?

பாரசிட்டமால் கெட்ட மருந்து அல்ல. அளவோடு போட்டால் வலி மாத்திரைகளில் இதுவே பெரும்பாலோருக்குப் பயம் குறைந்தது. காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பதும் இதுதான். பயந்துகொண்டு தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் அதன் போக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விழுங்கிய மாத்திரையை உடைத்து வெளியேற்றுவது ஈரலின் வேலை. உடைக்கும்போது பெரும்பகுதி தீங்கில்லாமல் போய்விடும். கொஞ்சம் மட்டும் விஷமாக மாறும். அந்த விஷத்தைப் பிடித்து அடக்க ஈரலில் ஒரு காவல் சரக்கு இருக்கிறது. குளூட்டாதயோன் என்பது அதன் பெயர். அது இருக்கும் வரை கவலை இல்லை. தினமும் குடிக்கிறவரின் ஈரலில் இரண்டு காரியம் ஒரே சமயத்தில் நடக்கிறது. விஷத்தை உண்டாக்கும் மிஷின் வேகமாக ஓடப் பழகுகிறது; அடக்குகிற காவல் சரக்கு குறைந்துபோகிறது. இதில் ஒரு சூது உண்டு. வயிற்றில் சரக்கு இருக்கும்வரை அந்த மிஷின் சரக்கை உடைப்பதில் மும்முரமாக இருக்கும். சரக்கு தீர்ந்த பிறகு, பழகிய வேகத்தோடு மாத்திரையின் மேல் பாயும். ஆகவே 'ராத்திரிதானே குடித்தேன், காலையில்தானே மாத்திரை போடுகிறேன்' என்பது தினக்குடிகாரருக்குச் சமாதானம் ஆகாது. போதை இறங்கிய தலைவலிக்கு நாலும் ஐந்துமாக விழுங்குகிற காலை நேரம்தான் மோசமான நேரம்.

பட்டினியும் அதே காவல் சரக்கைத் தின்றுவிடும். வேலையில்லாத மாதங்களில் ஒரு வேளைக் கஞ்சியோடு கிடக்கிற விவசாயத் தொழிலாளியின் ஈரலும், மூன்று வேளை சோறும் பருப்பும் சாப்பிடுகிற மிராசுதாரின் ஈரலும் ஒன்றா? அட்டையில் அச்சடித்த அளவு யாரை மனதில் வைத்து அச்சடித்தது?

திடகாத்திரமான பெரியவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 4,000 மில்லிகிராம் பாரசிட்டமால்தான் உச்ச எல்லை. தினமும் குடிக்கிறவர், மெலிந்தவர், சாப்பாடு இறங்காதவர் 2,000க்கு மேல் போகக்கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இப்போது ஒரு தோழரின் ஒரு நாளைப் பாருங்கள். காய்ச்சலுக்கு 650 மாத்திரை மூன்று வேளை: 1,950. இடுப்பு வலிக்கு வேறொரு மாத்திரை மூன்று வேளை. அதில் அசெக்ளோபினாக்கோடு 325 பாரசிட்டமாலும் ஒளிந்திருக்கிறது: 975. மூக்கடைப்புக்குச் சளி மாத்திரை மூன்று வேளை. அதில் 500 உள்ளவை உண்டு: 1,500. கூட்டுங்கள். 4,425! மூன்று கடை, மூன்று பெயர், மூன்று நிறம். உள்ளே ஒரே மருந்து. தோழர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவரவர் சொன்ன அளவைத்தான் போட்டார். மேலே ஒரு குவாட்டரும் சேர்ந்தால்?

அளவு மீறிவிட்டால் முதல் நாள் ஒன்றும் தெரியாது என்பதுதான் கொடுமை. கொஞ்சம் குமட்டல், வாந்தி, வியர்வை. 'பித்தம்' என்று சொல்லி எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வலது விலாவுக்குக் கீழே வலியும் கண்ணில் மஞ்சளும் வரும்போது ஈரல் பாதி போயிருக்கும். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். அளவு மீறிய 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால் ஈரலை ஏறக்குறைய முழுதும் காப்பாற்றிவிடலாம். பிந்தினாலும் பயன் உண்டு. ஆகவே உடம்பு நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. 108க்குப் போன் செய்து, விழுங்கியதன் அட்டையையும் எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் காமாலைக்கு இலை வைத்தியம் என்று அலையாதீர்கள்.

மற்றொரு குடும்பம்

ஆஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபினாக், அசெக்ளோபினாக் எல்லாம் வேறு குடும்பம். வலியை வெட்டுவதில் கெட்டி. அதே வெட்டு இரைப்பையின் உள் தோலிலும் விழுகிறது. அந்தத் தோலுக்கு இருக்கிற பாதுகாப்பை இவை குறைத்துவிடும். வெறும் வயிற்றில் இதைப் போட்டு, மேலே சாராயத்தை ஊற்றினால் என்ன மிஞ்சும்?

காவிரிப் பாசனப் பகுதியில் எனக்குத் தெரிந்த அறுப்புத் தோழர் ஒருவர். அறுவடை மிஷின் நுழையாத சேற்று வயலில் நாள் முழுக்கக் குனிந்து அறுப்பார். காலையில் ஒரு செட், மதியம் ஒரு செட், இருட்டியதும் குவாட்டர். பத்து நாள். மலம் தார் மாதிரி கறுத்துப்போனது. "உடம்புச் சூடு" என்று நீராகாரம் குடித்தார். பதினோராம் நாள் வரப்பில் மயங்கி விழுந்தார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி எழுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதில் என்ன என்ன இருக்கிறது?" என்று கேட்டார். மூன்றில் ஒன்றை அவராலேயே அடையாளம் சொல்ல முடியவில்லை. மருந்து படித்தவருக்கே தெரியாததை அறுப்பு அறுக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டுமாம்!

தார் போன்ற கறுப்பு மலமும் காபித்தூள் போன்ற வாந்தியும் உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளம். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் தாய்மார்களுக்கும் மலம் கறுக்கும், அது வேறு.) பல ஊர்களில் செட்டுக்குள் ஸ்டீராய்டு மாத்திரையையும் சேர்த்துவிடுகிறார்கள். வலி மாயமாய்ப் போகும், பசி எடுக்கும், கடைக்காரருக்கு 'கைராசிக்காரர்' என்று பெயர் வரும். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பைப் புண் வரும் வாய்ப்புப் பலமடங்கு ஏறும். டைக்ளோபினாக்கும் ஸ்டீராய்டும் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்பது சட்டம். சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் தோழர்கள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் என்ற பெயர்களில் ஒன்றும், மூத்திரம் போகக் கொடுக்கும் மாத்திரையும் ஏற்கெனவே சாப்பிடுகிறவர், மேலே இந்த வலி மாத்திரையையும் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தின் குரல்வளையை நெரிக்கும். வெயிலில் வேர்த்து ஒழுகி, தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் களை பறிக்கிறவருக்கு இன்னும் சீக்கிரம் நெரிக்கும். அழுத்தமும் ஏறும். இருதயத்துக்காகச் சின்ன ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இபுபுரோபன் போட்டால் ஆஸ்பிரின் செய்கிற நல்ல காரியம் கெட்டுப்போகும். ரத்தக் கசிவும் கூடும்.

சிறுநீரகம் என்றதும் பாறுக் கழுகு நினைவுக்கு வருகிறது. மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்டது இதே டைக்ளோபினாக். செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2004இல் விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். 2006இல் இந்திய சர்க்கார் மாட்டு மருந்தாக அதைத் தடை செய்தது. மனித மருந்தின் பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் 2015இல் அந்தப் பெரிய புட்டியையும் தடை செய்தது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். கழுகுக்காக இரண்டு உத்தரவு! நாற்று நடுகிறவளுக்காகச் செட்டுப் பொட்டலத்தை நிறுத்த ஓர் இன்ஸ்பெக்டரை அனுப்பக் கூடாதா?

காசநோய்க்கு மருந்து சாப்பிடும் தோழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐசோநயசிட், ரிபாம்பிசின் இரண்டும் ஈரலுக்கு ஏற்கெனவே சுமை. அதன்மேல் சாராயம் ஏறினால் ஈரல் தாங்காது. பாரசிட்டமாலும் அளவு மீறிச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காசநோய் மருந்தை நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டியது குடி. டிராமடால் என்ற வலி மாத்திரையோ, தூக்க மாத்திரையோ சரக்கோடு சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுவிட்டுச் சோறில்லாமல் குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆள் விழுவார். பார்க்கிறவர்கள் 'போதை' என்று சொல்லி விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சளி மாத்திரை மயக்கத்தோடும் பாதிச் சரக்கோடும் மிஷினில் கை வைக்கிறவரின் விரல்களைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா?

வலி எங்கிருந்து வருகிறது?

இதுவரை மாத்திரையைப் பேசினோம். மாத்திரையை நம் வாயில் திணிக்கிற கையைப் பேசாமல் விடலாமா?

ஸ்வீடன் நாட்டில் ஹூஸ்க்வார்னா என்று ஓர் ஆலை ஊர். 1918இல் விஷக்காய்ச்சல் பரவியபோது ஒரு டாக்டர் பினாசிட்டின், பினசோன், காபின் மூன்றையும் கலந்து ஒரு பொடி கொடுத்தார். காய்ச்சல் போயிற்று, பொடி போகவில்லை. பொடி போட்டால் களைப்புத் தெரியவில்லை, வேலை ஓடுகிறது என்று தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் தின்றார்கள். பிறகு சிறுநீரகம் சுருங்கி ஒவ்வொருவராகச் செத்தார்கள். 1960களின் தொடக்கத்தில்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். அங்கே வீட்டுப் பெண்களும் ஆலைப் பெண்களும் பொடியைத் தேநீரோடு தின்றார்கள். பினாசிட்டின் பிற்பாடு பல நாடுகளில் தடையாயிற்று, நம் நாட்டிலும்தான்.

அது அயல்நாடு, பழைய காலம் என்கிறீர்களா? தமிழ்நாட்டுக்கு வாருங்கள். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் நம் மாநிலத்து ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் ஆலையிலேயே பெயர் ஒட்டாத மாத்திரை கொடுக்கிறார்கள் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். ஒரு நாள் லீவு கேட்டால் கூலி போகும். மாத்திரை கேட்டால் உடனே கிடைக்கும், இலவசமாக! முதலாளிமாருக்கு எவ்வளவு தாராள மனசு பாருங்கள்! அந்தப் பெண்ணுக்கு வயிற்றுப் புண் உண்டா, வேறு மருந்து சாப்பிடுகிறாளா, கர்ப்பமாக இருக்கிறாளா என்று மேற்பார்வையாளர் கேட்டாரா? 500 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் தகுதியுள்ள ஆட்களோடு மருத்துவ அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. மாத்திரை டப்பா சூப்பர்வைசரின் மேஜை டிராயரில் இருக்கலாம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்தால் கால் வலிக்கும். நாள் முழுக்கக் குனிய வைத்தால் இடுப்பு வலிக்கும். அந்த வலிக்கு வைத்தியம் ஓய்வு. ஓய்வுக்குக் காசு செலவு. மாத்திரை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். எது மலிவு என்று முதலாளிக்குக் கணக்குத் தெரியும். வலி என்பது உடம்பு ஊதுகிற சங்கு. சங்கின் வாயை அடைத்துவிட்டு ஷிப்டை ஓட்டுகிறார்கள்.

ஆகவே கோரிக்கை இது. மாத்திரை அட்டையில் மருந்தின் பெயரும், அளவும், குடியோடு சேரக்கூடாது என்பதும் தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில் வரவேண்டும். சாராயக் கடைச் சுவரில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் அதே எச்சரிக்கை ஒட்டப்பட வேண்டும். லாபம் எடுக்கிற சர்க்காருக்கு ஒரு தட்டி எழுதக் காசு இல்லாமல் போகாது. ஆலையில் மாத்திரை கொடுப்பவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். கொடுத்ததைப் பெயரோடு நோட்டில் எழுத வேண்டும். மாதவிடாய்க்கும் நோய்க்கும் சம்பளத்தோடு லீவு வேண்டும்.

இவை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பையிலும் வீட்டிலும் இருக்கிற மாத்திரைகளை எல்லாம் எடுத்து வாருங்கள். மேஜையில் கொட்டுங்கள். படித்த பிள்ளை ஒருவர் அட்டையின் பின்பக்கத்தை உரக்கப் படிக்கட்டும். எத்தனை அட்டையில் பாரசிட்டமால் வருகிறது, எதில் டைக்ளோபினாக் வருகிறது என்று ஆளாளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாத பொட்டலத்தைத் தனியாக எடுத்து வைத்து, எந்தக் கடையில் வாங்கியது என்று எழுதுங்கள். மறுநாள் நாலு பேராக அந்தக் கடைக்குப் போய், "ஐயா, இதற்கு என்ன பெயர்? எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்க மறுத்தால் பொட்டலத்தோடு நேரே மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஆபீசுக்கு நடங்கள். மனுவில் நாலு கையெழுத்துப் போதாது, நாற்பது கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள்.